சீலியாக் ஆய்வுகளை நாமே படிப்பது எப்படி

வீட்டில் ஒருவருக்கு சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமாகும் நோய்) என்று தெரிந்துவிட்டால், அல்லது இருக்குமோ என்று டாக்டர் லேசாகச் சந்தேகப்பட்டால்கூட, அன்று ராத்திரியே போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிடுவோம். தேடினால் எல்லாம் வரும். கோதுமையை விட்டால் மூட்டுவலி போய்விடும் என்பார் ஒருவர், இதற்கு மாத்திரை வந்துவிட்டது என்பார் இன்னொருவர், அதெல்லாம் சப்பாத்தி சாப்பிடும் வடநாட்டுக்காரர்களுக்கு வருவது, நமக்கு வராது என்பார் சொந்தக்காரர் ஒருவர். எல்லாவற்றுக்கும் அடியில் "ஆய்வில் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஆய்வைத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு.

திறந்து பார்க்கலாம், நம்மால் முடியும் என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. என் அக்கா மகளுக்கு இந்த நோய் இருப்பது தெரிந்த நாளிலிருந்து இந்தக் கட்டுரைகளை விடாமல் படித்து வருகிறேன், அவ்வளவுதான். படிக்கப் படிக்க எனக்குப் புரிந்தது என்னவென்றால், புள்ளியியல் சூத்திரங்கள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒவ்வொரு கட்டுரையிடமும் ஒரே கேள்வியை விடாப்பிடியாகக் கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கேள்வி இதுதான்: இவர்கள் எதை அளந்தார்கள்? ஆளைக் கேட்டார்களா, ரத்தத்தைப் பார்த்தார்களா, குடலைப் பார்த்தார்களா?

அதற்குள் போகும் முன் ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். "எதற்கும் நிறுத்திப் பார்ப்போம்" என்று வீட்டிலேயே நிறுத்திவிட்டு, வயிறு கொஞ்சம் சரியானதும் பரிசோதனைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். குளூட்டன் உள்ளே போகாதபோது, பரிசோதனை தேடும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ரத்தத்தில் குறையும், குடலும் ஆறத் தொடங்கும். நோய் இருந்தும் ரிப்போர்ட் "இல்லை" என்று வரும். பிறகு உறுதி செய்ய வேண்டுமானால் மறுபடியும் வாரக்கணக்கில் கோதுமை சாப்பிட வைக்க வேண்டும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவு சாப்பிட்டிருக்க வேண்டும் என்கிறது. விட்ட ஆள் திரும்ப அதைச் சாப்பிட்டால் படும் அவஸ்தையைப் பார்த்தவர்களுக்கு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று புரியும்.

நோய் என்ன செய்கிறது

கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களில் இருக்கும் புரதத்தைத்தான் குளூட்டன் என்கிறோம். நம் செரிமான நீர்களால் அதை முழுசாக உடைக்க முடியாது. நீளமான துணுக்குகள் மிஞ்சிவிடும். அந்தத் துணுக்குகள் சிறுகுடல் சுவருக்குள் போகும்போது திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி அவற்றில் ஒரு சிறு மாற்றத்தைச் செய்கிறது. டிகியூ2, டிகியூ8 என்ற மரபணு வகை உள்ளவர்களின் நோய் எதிர்ப்புச் செல்கள் மாறிய துணுக்கை எதிரி என்று பிடித்துக்கொள்கின்றன. சண்டை தொடங்கி, குடல் சுவரே அடி வாங்குகிறது. அந்த நொதிக்கு எதிராகவே உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கிறது என்பதை 1997இல் ஜெர்மனியில் டெட்லெஃப் ஷூப்பான் குழுவினர் கண்டுபிடித்தார்கள். இன்று லேபில் எழுதித் தரும் டிடிஜி ஐஜிஏ பரிசோதனை (டிடிஜி என்பது அந்த நொதி, ஐஜிஏ என்பது ஒரு எதிர்ப்பொருள் வகை) அதிலிருந்து வந்ததுதான்.

சிறுகுடலின் உட்புறம் துவாலையின் நூல் முடிச்சுகள் மாதிரி குடலுறிஞ்சிகளால் நிறைந்திருக்கும். சீலியாக் நோயில் அவை குட்டையாகி, கடைசியில் தட்டையாகிவிடுகின்றன. இரும்புச்சத்து, கால்சியம் எதையும் சரியாக உறிஞ்ச முடியாது. அதனால்தான் வயிற்றுப்போக்கே இல்லாமல், ரத்தசோகையும் வளர்ச்சிக் குறைவும் மட்டுமே கொண்டு வரும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

மரபணுவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பணம் பிடுங்கும் இடங்கள் இருக்கின்றன. டிகியூ2 அல்லது டிகியூ8 பொதுவாக 100 பேரில் 30 முதல் 40 பேருக்கு இருக்கும். அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வரும். ஆகவே மரபணுப் பரிசோதனையில் "இருக்கிறது" என்று வந்தால் பெரிதாக எதுவும் தெரிந்துவிடாது. "இல்லை" என்று வந்தால்தான் பயன், சீலியாக் கிட்டத்தட்ட இல்லை என்று ஒதுக்கிவிடலாம்.

மூன்று அளவுகோல்கள், மூன்றும் ஒத்துப்போகாது

ஆளைக் கேட்பது என்றால் கேள்வித்தாள்: வலி எவ்வளவு, உப்புசம் எவ்வளவு, எத்தனை முறை கழிப்பறை. ரத்தம் என்றால் எதிர்ப்பொருள் அளவு. குடல் என்றால் எண்டோஸ்கோபி செய்து முன்சிறுகுடலில் இருந்து சின்னத் துணுக்குகள் எடுத்து (இதுதான் பயாப்ஸி), மைக்ராஸ்கோப்பில் குடலுறிஞ்சியின் உயரத்தையும் அதன் அடியில் உள்ள குழியின் ஆழத்தையும் ஒப்பிடுவது.

இந்த மூன்றும் ஒன்றாகவே ஏறி இறங்கும் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2010இல் வெளியிட்ட ஆய்வில், குளூட்டன் இல்லாத உணவுக்கு மாறிய பெரியவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது 2 ஆண்டுகளில் குடல் ஆறியது உறுதியானவர்கள் 34 சதவீதம்தான். 5 ஆண்டுகளில் 66 சதவீதம். வயிறு நன்றாக இருக்கிறது, வலி இல்லை என்று சொல்பவர்களிலும் குடல் ஆறாதவர்கள் உண்டு. ரத்தப் பரிசோதனையாவது காட்டிக்கொடுக்குமா என்றால், உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இன்னும் ஆறாத குடல் உள்ளவர்களில் சுமார் பாதிப் பேரை டிடிஜி பரிசோதனை கண்டுபிடிக்காமல் விட்டுவிடுகிறது. ஆக, "நோயாளிகள் குணமடைந்தனர்" என்று ஒரு செய்தி வந்தால் உடனே கேளுங்கள்: எந்த அளவுகோலில்?

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பு நிரூபணமானதே ஒரு நல்ல அளவுகோலால்தான். நெதர்லாந்தின் ஹேக் நகரில் குழந்தைகள் மருத்துவராக இருந்த வில்லெம்-காரெல் டிக்கெயைப் பற்றிச் சொல்லும்போது, 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காமல் போனதும் சீலியாக் குழந்தைகள் தேறினார்கள், போர் முடிந்து ரொட்டி திரும்பியதும் படுத்தார்கள் என்ற கதையோடு நிறுத்திவிடுவார்கள். பஞ்சத்துக்குப் பல ஆண்டுகள் முன்னாலேயே அவர் கோதுமையைச் சந்தேகித்து, குழந்தைகளுக்கு அதை நீக்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அதைவிட முக்கியம் பிறகு செய்தது: சக ஆய்வாளர்களான வான் டி காமர், வெயர்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, கோதுமை கொடுக்கும்போதும் கொடுக்காதபோதும் குழந்தைகளின் மலத்தில் எவ்வளவு கொழுப்பு உறிஞ்சப்படாமல் வெளியேறுகிறது என்று அளந்தார்கள். அதுவரை வாழைப்பழ உணவு உட்பட என்னென்னவோ கொடுத்துப் பார்த்திருந்தார்கள், சில குழந்தைகள் தேறவும் செய்தார்கள், ஆனால் ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. 1950இல் டிக்கெயின் ஆய்வேடு வந்தபோது கையில் எண்கள் இருந்தன.

வேலூர் ஆய்வை வைத்துப் பழகுவோம்

நமக்கு நெருக்கமான ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம். 2016இல் அமெரிக்க இரைப்பை குடலியல் இதழில் வெளிவந்தது, பி.எஸ்.ராமகிருஷ்ணா, கோவிந்த் மகாரியா முதலியோர் எழுதியது. வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா என்று மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். தெற்கில் எடுத்த இடம் வேலூர்.

முதலில் யாரைப் பார்த்தார்கள் என்று பாருங்கள். ஆஸ்பத்திரிக்கு வயிற்றுவலி என்று வந்தவர்களை எடுக்கவில்லை, ஊரில் சாதாரணமாக நடமாடுபவர்களை எடுத்தார்கள். அதனால் ஊரில் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்ற கேள்விக்கு இது பதில் சொல்லும். அடுத்து எதை அளந்தார்கள்: ரத்தத்தில் எதிர்ப்பொருள், அது இருந்தவர்களுக்கு இன்னொரு கிட் வைத்து மறுபரிசோதனை, அதிலும் எதிர்ப்பொருள் தெரிந்து, சம்மதித்தவர்களுக்கு பயாப்ஸி.

எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. அதாவது வடக்கைவிட நம் பக்கம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மரபணு காரணமோ என்றால், டிகியூ2 அல்லது டிகியூ8 உள்ளவர்கள் வடக்கில் 38.1 சதவீதம், தெற்கில் 36.4. பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமை வடக்கில் சராசரியாக 455 கிராம், தெற்கில் 25 கிராம். ஆஹா, கோதுமைதான் காரணம், நாம் சோறு சாப்பிடுவதால் தப்பித்தோம் என்று இங்கேயே கட்டுரையை மூடிவிடத் தோன்றும். செய்திகளிலும் இதோடு நிறுத்திவிடுவார்கள்.

வடகிழக்கைப் பாருங்கள். அங்கே கோதுமை 37 கிராம்தான், கிட்டத்தட்ட நம் அளவு. மரபணு உள்ளவர்கள் 31.4 சதவீதம், நம்மைவிடக் குறைவு. ஆனால் எதிர்ப்பொருள் 0.87 சதவீதம், நம்மைப்போல் எட்டு மடங்குக்கு மேல்! கோதுமையின் அளவும் இந்த மரபணுவும் மட்டுமே காரணம் என்றால் இந்த எண் வரவே கூடாது. வேறு ஏதோ இருக்கிறது. குடல் கிருமிகளா, மற்ற மரபணுக்களா, குழந்தைப் பருவத் தொற்றுகளா, அதை இந்த ஆய்வு அளக்கவில்லை. ஒரே சமயத்தில் எடுத்த படம் போன்ற ஆய்வுகள் தொடர்பைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. எனக்கு இந்த ஒரு கட்டுரை கற்றுக்கொடுத்த பழக்கம், அட்டவணை இருந்தால் அதன் கடைசி வரிசைவரை போவது.

"நமக்கு வராது" என்ற சொந்தக்காரருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வராது என்று சொல்லவில்லை, அரிது என்கிறது. அந்த அரிது என்பதால் இன்னொரு விளைவு வருகிறது, அதை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கணக்குக்காக ஒரு பரிசோதனையை வைத்துக்கொள்வோம்: நோய் உள்ள 100 பேரில் 95 பேரைச் சரியாகப் பிடிக்கும், நோய் இல்லாத 100 பேரில் 2 பேரைத் தவறாகப் பிடிக்கும். நல்ல பரிசோதனைதானே? 100 பேருக்கு 1 பேர் நோயாளியாக இருக்கும் ஊரில் 10,000 பேரைப் பரிசோதித்தால், 100 நோயாளிகளில் 95 பேர் பாசிட்டிவ், மீதி 9,900 பேரில் 198 பேர் தவறாக பாசிட்டிவ். மூன்றில் ஒருவருக்குத்தான் உண்மையான நோய். இதையே 1,000 பேருக்கு 1 பேர் என்ற ஊரில் செய்தால், 10 நோயாளிகளில் 9 அல்லது 10 பேர் பாசிட்டிவ், தவறாக பாசிட்டிவ் ஆனவர்கள் 200 பேர். இருபதில் ஒருவருக்குக்கூட உண்மையான நோய் இருக்காது. பரிசோதனை மாறவில்லை, ஊர்தான் மாறியது. வேலூர் ஆய்வில் ஏன் இரண்டாவது கிட் வைத்துச் சரிபார்த்து, அப்புறம் பயாப்ஸிவரை போனார்கள் என்று இப்போது புரியும். அறிகுறி உள்ளவரை டாக்டர் பார்த்துச் சந்தேகப்பட்டு அனுப்பும்போது கணக்கு நோயின் பக்கம் சாயும்; பேக்கேஜ் செக்கப்பில் யாரோ சேர்த்துவிட்ட டிடிஜி பாசிட்டிவ் ஆவது வேறு விஷயம்.

தட்டையான குடல் எல்லாம் சீலியாக் இல்லை

பயாப்ஸியில் குடலுறிஞ்சிகள் தட்டையாக இருந்தாலே சீலியாக் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, அதுவும் நம் பக்கத்தில். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி.ஐ.மாத்தன் ஆகியோர் 1960களில் வட ஆற்காடு கிராமங்களில் கொள்ளைநோய் போலப் பரவிய ஒரு வயிற்றுப்போக்கை ஆராய்ந்தார்கள். வெப்பமண்டல ஸ்ப்ரூ என்று பெயர். அதிலும் குடலுறிஞ்சிகள் சேதமாகும், சத்து உறிஞ்சப்படாது, ஆனால் கோதுமைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்கும் கொடுத்தால் தேறும். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியும் இதே மாதிரி குடலைக் கெடுக்கும். ரத்த அழுத்தத்துக்கு நிறையப் பேர் சாப்பிடும் ஓல்மெசார்டான் என்ற மாத்திரைகூட அபூர்வமாகச் சிலருக்கு இப்படிச் செய்கிறது என்று மேயோ கிளினிக் 2012இல் 22 நோயாளிகளைக் காட்டிச் சொன்னது. மாத்திரையை மாற்றியதும் அவர்கள் தேறினார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் பிபி மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் கேளுங்கள்.) எனவே தென்னிந்தியாவில் ஒரு சீலியாக் ஆய்வைப் படித்தால், இந்த மற்ற நோய்களை எப்படி விலக்கினார்கள் என்று செய்முறைப் பகுதியில் தேடுங்கள். ஒரு வரிகூட இல்லாவிட்டால் எனக்கு அந்தக் கட்டுரையின் மேல் நம்பிக்கை குறைந்துவிடும்.

"மாத்திரை வந்துவிட்டது"

நான் இதை எழுதும்வரை குளூட்டன் இல்லாத உணவைத் தவிர அங்கீகாரம் பெற்ற சிகிச்சை எதுவும் கிடையாது. ஆனால் ஆய்வுகள் தீவிரமாக நடக்கின்றன, அவற்றைப் படிக்கும்போதுதான் நம் கேள்வி மிகவும் உதவும்.

லாட்டிக்ளூட்டனேஸ் என்று ஒரு மருந்து. வயிற்றிலேயே குளூட்டனை வெட்டிவிடும் நொதிகளின் கலவை. உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தும் தொந்தரவு தீராத 494 பேரிடம் சோதித்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்குக் குடலும் தேறியது, அறிகுறியும் குறைந்தது. அந்த வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பகிர்ந்தால் எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்! ஆனால் மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அதே அளவு தேறியது. ஆய்வில் சேர்ந்துவிட்டோம், கண்காணிக்கிறார்கள் என்றதும் எல்லோரும் சாப்பாட்டில் கூடுதல் கவனமாக இருந்திருப்பார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் முக்கியமானது. "குறைந்தது" என்ற சொல்லைப் பார்த்தால் "எதைவிட?" என்று கேட்க வேண்டும், அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

லாரசோடைடு கதை வேறு மாதிரி. குடல் சுவரின் செல்களுக்கு இடையே உள்ள இடைவெளியை இறுக்குவதாகச் சொல்லப்பட்ட மருந்து. 342 பேர் கலந்துகொண்ட ஆய்வு 2015இல் வந்தது: மிகக் குறைந்த அளவான 0.5 மில்லிகிராம் அறிகுறிகளைக் குறைத்தது, ஆனால் 1, 2 மில்லிகிராம் கொடுத்தவர்களுக்குப் போலி மாத்திரையைவிடப் பலன் இல்லை. அளவு கூடினால் பலன் மறைவது வினோதம், அளந்ததும் கேள்வித்தாள்தான். நம்பிக்கையோடு மூன்றாம் கட்ட ஆய்வு தொடங்கினார்கள், 2022இல் இடைக்காலக் கணக்கு பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

செட்1227 இன்னும் உயிரோடு இருக்கும் நம்பிக்கை. முன்னால் சொன்ன அந்த டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதியையே இது தடுக்கிறது. 2021இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த இரண்டாம் கட்ட ஆய்வில், நோய் கட்டுக்குள் இருந்தவர்களுக்கு 6 வாரம் தினமும் 3 கிராம் குளூட்டன் கொடுத்து, கூடவே மருந்தோ போலி மாத்திரையோ கொடுத்து, முன்னும் பின்னும் பயாப்ஸி செய்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களின் குடல் சேதம் குறைவாக இருந்தது. அளந்தது குடலை, ஒப்பிட்டது போலி மாத்திரையோடு, சாப்பிட வைத்தது தெரிந்த அளவு குளூட்டன். மூன்றும் இருக்கிறது. அதே சமயம் 6 வாரம் மட்டும், சில டஜன் பேர் கொண்ட குழுக்கள், 3 கிராம் என்பது ஒன்றரைத் துண்டு ரொட்டி. இதை வைத்து "பரோட்டா சாப்பிடலாம்" என்று யாராவது சொன்னால் அது கட்டுரையில் இல்லாத விஷயம்.

எலி ஆய்வுகளைப் பற்றி ஒரே வாக்கியம்: தலைப்பிலோ சுருக்கத்திலோ எலி இருந்தால் ஆர்வத்தோடு படியுங்கள், சமையலறையில் எதையும் மாற்றாதீர்கள்.

சீலியாக் இல்லை, ஆனாலும் கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை

இப்படிச் சொல்பவர்கள் சீலியாக் நோயாளிகளைவிட அதிகம், அவர்கள் படும் அவஸ்தை உண்மையானது. காரணம்தான் குளூட்டனா என்பது கேள்வி. இங்கே குடலையோ ரத்தத்தையோ பார்த்துப் பயனில்லை, ஆளைக் கேட்பதுதான் ஒரே வழி. அதனால் எந்த உணவு என்று அவருக்கே தெரியாமல் கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சன் குழுவினர் 2011இல் சிறிய ஆய்வு ஒன்றில் குளூட்டன் அறிகுறிகளைக் கூட்டுகிறது என்றார்கள். அவர்களே 2013இல் 37 பேரை வைத்து மறுபடி செய்தார்கள், இந்த முறை குடலில் எளிதில் புளிக்கும் சர்க்கரை வகைகளை முதலில் உணவிலிருந்து குறைத்துவிட்டு. அப்படிச் செய்தபின் குளூட்டனுக்கென்று தனியாக அறிகுறி வந்தவர்கள் 8 சதவீதம்தான். தங்கள் முந்தைய முடிவையே தாங்களே கேள்வி கேட்ட அந்தக் குழுவின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

ஓஸ்லோவில் இதை இன்னும் கூர்மையாக்கினார்கள். 2018இல் வெளியான ஆய்வில், தாங்களாகவே குளூட்டனை விட்டிருந்த 59 பேருக்கு ஒரே மாதிரி தோற்றமுள்ள தானியக் கட்டிகளைக் கொடுத்தார்கள். ஒரு வாரம் குளூட்டன் கலந்தது, ஒரு வாரம் ஃபிரக்டான் என்ற, எளிதில் புளிக்கும் சர்க்கரை வகை கலந்தது, ஒரு வாரம் இரண்டும் இல்லாதது, நடுவே இடைவெளி விட்டு. அறிகுறி மதிப்பெண் குளூட்டன் வாரத்தில் 33.1, எதுவும் இல்லாத வாரத்தில் 34.3, ஃபிரக்டான் வாரத்தில் 38.6. ஃபிரக்டான் கோதுமையிலும் இருக்கிறது, வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. கோதுமையை விட்டதும் வயிறு சரியாவது ஏன், ஆனால் பூண்டுக் குழம்பு சாப்பிட்டால் மறுபடி உப்புவது ஏன் என்று பல வருடமாகக் குழம்பியவர்களுக்கு இந்த மூன்று எண்கள் ஒரு வழி காட்டும். சீலியாக் இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்த பிறகு மட்டும்.

குழந்தைக்கு எப்போது கோதுமை கொடுக்கலாம் என்ற கேள்விக்கு முரணான ஆய்வுகள் வரும், பயப்பட வேண்டாம். ஐரோப்பாவில் நோய் உள்ள குடும்பத்துக் குழந்தைகள் 944 பேருக்கு நாலாவது மாதத்திலிருந்து துளி அளவு குளூட்டன் கொடுத்துப் பார்த்த 2014 ஆய்வில் நோய் குறையவில்லை. 2020இல் வந்த பிரிட்டன் ஆய்வில், சாதாரணக் குழந்தைகளுக்கு நாலு மாதத்திலிருந்து நிறையவே கொடுத்தபோது 488 பேரில் ஒருவருக்கும் நோய் இல்லை, தாமதமாகத் தொடங்கிய 516 பேரில் 7 பேருக்கு இருந்தது. குழந்தைகளும் வேறு, அளவும் வேறு. ஏழு என்ற எண்ணை வைத்து என் வீட்டுக் குழந்தைக்கு நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன்.

எவ்வளவு குளூட்டன் அதிகம்?

தினசரி வாழ்க்கைக்கு நேரடியாகப் பயன்படும் ஆய்வு இது. இத்தாலியில் கார்லோ கட்டாசி குழுவினர் நோய் கட்டுக்குள் இருந்தவர்களுக்கு 3 மாதம் தினமும் ஒரு குளிகை கொடுத்தார்கள், உள்ளே 10 மில்லிகிராம் அல்லது 50 மில்லிகிராம் குளூட்டன், அல்லது ஒன்றுமில்லை. 2007இல் வந்த முடிவு: தினம் 50 மில்லிகிராமே குடலுறிஞ்சிகளைக் குட்டையாக்கியது. ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 2 கிராம் குளூட்டன் என்றால், அதில் நாற்பதில் ஒரு பங்கு. குளூட்டன் இல்லை என்று லேபிள் போட கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற வரம்பு சர்வதேச அளவிலும் நம் எஃப்எஸ்எஸ்ஏஐ விதியிலும் இருக்கிறது. அந்த வரம்பில் உள்ள உணவை அரைக் கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராம்தான் ஆகும்.

இந்த எண்ணோடு நம் சமையலறையைப் பாருங்கள். கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பினால் பொடி எழுத்தில் கோதுமை மாவு அல்லது மைதா என்று பல பிராண்டுகளில் இருக்கும். கால் கிராம் தூளில் பாதி மாவு என்று வைத்தால் ஒரு பானை ரசத்துக்கு 12 மில்லிகிராம் குளூட்டன் போல வரும், நாலு பேருக்குப் பங்கிட்டால் அற்பம். ஆனால் சாம்பார், மோர், ஊறுகாய், பொடி என்று நாள் முழுக்க, வருடம் முழுக்க. அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கேட்டால் கிடைக்கும், எதற்கு ரிஸ்க்? என் அக்கா வீட்டில் அதைத்தான் வாங்குகிறார்கள். ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் பார்லியும் கோதுமையும் நேரடியாகவே இருக்கிறது.

எங்கே, எப்படித் தேடுவது

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளம் இலவசம். ஆங்கிலத்தில் இந்த நோயின் பெயரைப் பிரிட்டன்காரர்கள் ஓ சேர்த்தும் அமெரிக்கர்கள் ஓ இல்லாமலும் எழுதுவார்கள், இரண்டையும் போட்டுப் பாருங்கள். கட்டுரையின் சுருக்கத்தை அங்கே யாரும் படிக்கலாம். முழுக் கட்டுரை வேண்டுமானால் பக்கத்தில் இலவசப் பிரதிக்கான இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கத்தின் கடைசி வரியான முடிவுரையை முதலில் படிக்காதீர்கள், அது ஆசிரியர்களின் கருத்து. யார், எத்தனை பேர், எதை அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்று பார்த்துவிட்டு, எண்களைப் படித்து, நீங்களே ஒரு வரி எழுதிக்கொண்ட பிறகு அவர்கள் முடிவுரைக்குப் போங்கள். கடைசியில் யார் பணம் கொடுத்தது என்றும் எழுதியிருக்கும். மருந்து கம்பெனி என்றால் தூக்கிப்போட வேண்டியதில்லை, கொஞ்சம் கூடுதலாக உற்றுப் பார்க்க வேண்டும்.

நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளுக்கு அமெரிக்கப் பதிவேடும், நம் நாட்டில் சிடிஆர்ஐ பதிவேடும் உண்டு. இந்தியாவில் 2009 முதல் மருந்து ஆய்வுகளை அதில் முன்கூட்டியே பதிய வேண்டும் என்பது கட்டாயம். பதிவில் "முதன்மையாக இதை அளப்போம்" என்று எழுதியிருப்பதையும், பிறகு கட்டுரையில் முதன்மை என்று சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாறியிருந்தால் ஏன் என்று கட்டுரை சொல்ல வேண்டும்.

சரி, இதே கண்ணோடு உங்கள் வீட்டு ரிப்போர்ட்டையும் எடுங்கள். டிடிஜி ஐஜிஏ எண்ணுக்குப் பக்கத்தில் அந்த லேபின் உச்ச வரம்பு அச்சாகியிருக்கும். லேபுக்கு லேப் அது மாறும், அதனால் எண்ணைப் பார்க்காமல் வரம்பைப்போல் எத்தனை மடங்கு என்று பாருங்கள். ஐரோப்பியக் குழந்தைகள் குடலியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல்படி, குழந்தைக்கு 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, தனியாக எடுத்த இரண்டாவது ரத்த மாதிரியில் எண்டோமைசியல் என்ற இன்னொரு எதிர்ப்பொருளும் பாசிட்டிவ் என்றால், பயாப்ஸி இல்லாமலே நோயை உறுதி செய்யலாம், பெற்றோரோடு பேசி முடிவெடுத்து. அதற்குக் குறைவாக இருந்தால் பயாப்ஸி வேண்டும். டிடிஜி நார்மல் என்று வந்திருந்தால் மொத்த ஐஜிஏ அளவும் பார்த்திருக்கிறார்களா என்று தேடுங்கள். சீலியாக் நோயாளிகளில் 100க்கு 2 அல்லது 3 பேருக்கு உடம்பில் ஐஜிஏவே போதிய அளவு உற்பத்தியாகாது. அவர்களுக்கு இந்தப் பரிசோதனை எவ்வளவு நோய் இருந்தாலும் நார்மல் என்றுதான் காட்டும், ஐஜிஜி என்ற வேறு எதிர்ப்பொருள் வகைக்கான பரிசோதனை தனியாக எடுக்க வேண்டும். ரிப்போர்ட்டில் மொத்த ஐஜிஏ இல்லாவிட்டால் அடுத்த முறை டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.